முக்காலியைச் சுமந்த தோள்கள்

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடங்கியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் குடும்பத்தார் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்து, உலகம் இன்றும் பேசும் முகப்படங்களை எடுத்தவர். 1875இல் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனுடன் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் அவர் இறந்தபோது, மலை ஏறிய புகையிரதம் நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. ஹட்டனுக்குத் தண்டவாளம் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முந்திய ஆண்டுகளில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு பெட்டி போகவேண்டுமென்றால் மாட்டு வண்டியில் போகும். வண்டிப் பாதை முடிந்த இடத்தில் ஓர் ஆளின் தலையிலோ தோளிலோ ஏறும். கமரன் அம்மையார் பயன்படுத்திய பெரிய கமராவின் கண்ணாடித் தட்டு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். மூன்று மில்லிமீற்றர் தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு தட்டு முக்கால் கிலோவுக்கு மேல் வரும். ஒரு டசின் தட்டுகள் சுமார் பத்துக் கிலோ. கமராவும் வில்லையும் இரசாயனக் குப்பிகளும் மர முக்காலியும் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

ட்ரைபொட் வாங்குகிறவர்களிடையே பழகிப்போன பேச்சு ஒன்று உண்டு: உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே கடையில் கிடைக்கும். உறுதியும் மலிவும் வேண்டுமா, கனத்தைச் சுமக்கவேண்டும். உறுதியும் இலேசும் வேண்டுமா, பணத்தைக் கொட்டவேண்டும். மலையகத்தின் பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் படப்பிடிப்பாளருக்கு மட்டும் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தன என்பதே. கனமான முக்காலியின் கனம் அவருடைய முதுகில் ஏறவில்லை. சுமந்தவரின் கூலியோ அவருடைய செலவில் மிகச் சிறிய பகுதி. மலைநாட்டில் ட்ரைபொட்டின் வரலாறு, அந்த எடை யாருடைய தோளில் இருந்தது, எப்போது தோள் மாறியது என்பதன் வரலாறு. குறைந்த பணத்தில் நல்ல ட்ரைபொட்டும் நல்ல போல் ஹெட்டும் எப்படித் தெரிந்தெடுப்பது என்ற இன்றைய கேள்விக்கும் அந்த வரலாற்றைத் தவிர்த்துவிட்டுச் சரியான விடை சொல்லமுடியாது என்பது என் கருத்து.

அக்காலப் படப்பிடிப்பின் ஈரத்தட்டு முறை எவ்வளவு பொல்லாதது என்பதை முதலில் சொல்லவேண்டும். கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே துலக்கிவிடவேண்டும். கையிலிருப்பது பத்து, பதினைந்து நிமிடம். ஆகவே இருட்டறையும் படப்பிடிப்பாளரோடு கூடவே மலை ஏறவேண்டியிருந்தது: கூடாரம், தட்டங்கள், குப்பிகள், நல்ல தண்ணீர், கண்ணாடி. 1863இல் இமயமலைக்குப் போன சாமுவேல் போர்ன் சுமார் முப்பது சுமைகூலிகளோடு போனார். பின்னைய பயணங்களில் அந்தத் தொகை கூடியது. கண்டியில் கடை வைத்திருந்த ஜோசப் லோட்டன் 1870களின் தொடக்கத்தில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளைப் படமெடுத்தபோதும் அவருடைய சாமான்கள் தாமாக நடந்து போயிருக்கமுடியாது. இதில் என்ன புதுமை, அந்தக் காலத்தில் எல்லாமே தலைச்சுமையில்தானே போயின, கோப்பி மூட்டையும் துரையின் பியானோவும் அப்படித்தானே ஏறின என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. படப்பிடிப்பாளரைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. ஆனால் கோப்பி மூட்டை, தன்னைச் சுமந்தவரைப் பற்றி உலகுக்கு எதையும் சொல்ல வரவில்லை. புகைப்படம் அதைச் சொல்ல வந்தது. மலைநாட்டையும் அதன் மனிதரையும் உள்ளபடி காட்டுகிறேன் என்று வந்த கலை, தன்னை அங்கே கொண்டுவந்து நிறுத்திய தோளைச் சட்டத்துக்கு வெளியே விட்டது. கணக்கில் விட்டுப்போன இந்த வரியைத்தான் நான் தேடுகிறேன்.

முக்காலி கமராவை அசையாமல் பிடித்தது. கமராவுக்கு முன்னால் நின்றவரை யார் அசையாமல் பிடித்தது? நகரத்து ஸ்டூடியோக்களில் அதற்கென்றே இரும்புத் தண்டு இருந்தது; உட்கார்ந்தவரின் பிடரிக்குப் பின்னால் கவ்வி போல நின்று தலையைத் தாங்கும், படத்தில் தெரியாது. தேயிலை மலையில் அந்தத் தண்டு தேவைப்படவில்லை. பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துப் பழகிய மக்களுக்கு, துரையின் விருந்தாளி நில் என்றால் நிற்பது புதிய வேலை அன்று. 1870களில் கண்டியில் தொழில் தொடங்கிய சார்ள்ஸ் ஸ்கோவன், கொழும்பின் ஸ்கீன் கம்பனி, 1890இல் கொழும்பில் தோன்றிக் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை வைத்த பிளாட்டே கம்பனி ஆகியோரின் தோட்டப் படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். நிரையில் பெண்கள் நிற்கிறார்கள். நெற்றியிலிருந்து கயிறு கூடைக்குப் போகிறது. விரல் கொழுந்தின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. கண் கமராவைப் பார்க்கிறது, அல்லது பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்டதுபோல் தரையைப் பார்க்கிறது. கொழுந்து எடுக்கிற கை உண்மையில் எப்படி ஓடும் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிந்து, மட்டக்கம்பை நகர்த்தி அடுத்த செடிக்குப் போகும் அந்த வேகத்தில் ஒரு வினாடி திறந்திருக்கும் வில்லைக்குக் கை வெறும் புகையாகத்தான் பதியும். கை தெளிவாகத் தெரிகிற படம் என்றால் வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் வேலையின் படம் என்று உலகெங்கும் விற்றது, வேலை நின்றுபோன ஒரு கணத்தின் படம்.

இது தொழில்நுட்பத்தின் குறை, மனிதரின் குறை அன்று என்பது இதற்குச் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு. 1870கள் வரைக்கும் அதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஈரத்தட்டுக்கு அதைவிட வேகமாகப் பார்க்கத் தெரியாது. இங்கிலாந்தில் கமரன் அம்மையாருக்கு முன்னால் அமர்ந்த பெரிய மனிதர்களும் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டியிருந்தது. ஆனால் 1870களின் இறுதியில் உலர்தட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. 1888இல் கொடாக் கையில் பிடிக்கும் பெட்டியை விற்கத் தொடங்கியது. 1925இல் லைக்கா வந்தது. அதற்குப் பிறகும் தபாலட்டைகளில் கொழுந்துப் பெண்கள் அதே இடத்தில், அதே மாதிரி, விரலைக் கொழுந்தில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்கள். இயந்திரம் அவர்களை விடுவித்துவிட்டது, வழக்கம் விடுவிக்கவில்லை. அசையாத தொழிலாளியின் உருவம் தேயிலைப் பெட்டிக்கு வசதியாக இருந்தது. 1890இல் தாமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கியபின் கிளம்பிய விளம்பர அலைக்குத் தேவைப்பட்டது களைப்போ வேகமோ தெரியாத ஓர் அமைதியான மலை. முக்காலி காலத்தின் கட்டாயம், முக்காலி போன காலத்தில் விற்பனையின் கட்டாயமாக உருமாறியது.

கமரன் அம்மையாரை இந்த வரிசையில் சேர்ப்பது அநியாயம் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் செவிகொடுப்பேன். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. பெரும்பாலானவை களுத்துறையில் எடுக்கப்பட்டவை. வெப்பமும் நல்ல தண்ணீர் இல்லாமையும் இரசாயனங்களைப் பெறுவதிலிருந்த கஷ்டமும் அவர் கையைக் கட்டியிருக்கவேண்டும். அந்தச் சில படங்களில் வீட்டு வேலையாட்களும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். விற்பனைக்காரரின் படங்களில் ஒரு சாதியின் மாதிரியாக, ஒரு தொழிலின் மாதிரியாக நின்றவர்கள் இங்கே முகமாக, பார்வையாக, சோர்வாக நிற்கிறார்கள். அந்தப் படங்களில் அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குக் கீழே டெனிசன், ஹேர்ஷல், டார்வின் என்று பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. 1877 அளவில் களுத்துறைக்கு வந்து அவருடைய கமராவுக்கு முன்னால் நின்ற ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பெயர் இருக்கிறது. அதே வீட்டு முற்றத்தில், அதே முக்காலிக்கு முன்னால், அதே வெயிலில் நின்ற மற்றவர்கள் விவசாயிகள், தமிழ்ப் பெண், சிறுமி என்று மட்டுமே எஞ்சினார்கள். அன்போடு எடுத்தவரிடமே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

மலையகம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது முதலில் சொல்லில்தான், படத்தில் அன்று. 1920களில் தேசபக்தன் பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களோடு தோட்டங்களுக்குள் நுழைந்தார். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை எழுப்பினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக்களை அச்சிட்டுக் கூட்டங்களில் பாடினார். பூண்டுலோயாவின் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கவிதையும் கதையும் எழுதினார். இதற்குப் பல காரணங்கள் உண்டு. எழுத்தின் மேல் தமிழருக்கு இருக்கும் பற்று ஒன்று. ஆனால் எல்லோரும் கடந்துபோகும் ஒரு காரணத்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பேனாவைச் சுமக்க ஆள் வேண்டாம். பாட்டுக்கு எடையே இல்லை. கமராவுக்கும் அதைத் தாங்கும் மூன்று கால்களுக்கும் விலையும் இருந்தது, எடையும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆள் தாங்கவேண்டிய நிலையில் இருந்த ஒரு சமூகம் இலேசான கருவியை எடுத்துக்கொண்டது. லயத்து அறையை நாம் காம்பரா என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. அறை என்று பொருள். கமராவும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுதும் வாழ்ந்த மலையில், அந்த மற்ற அறை நெடுங்காலம் துரை பங்களாவில்தான் இருந்தது.

கமரா தோட்டத்து மக்களுக்குப் பக்கத்தில் வந்தது நகரத்து ஸ்டூடியோ வழியாக. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைத்தெருக்களின் ஸ்டூடியோவில் கனமான ஸ்டாண்ட் ஒரே இடத்தில் நின்றது. அதைச் சுமக்க யாரும் தேவையில்லை. இப்போது மக்கள் நடந்து அதனிடம் வந்தார்கள். சுமையின் திசை மாறியது. ஏன் வந்தார்கள் என்பதுதான் வேதனையானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. இந்தியாவுக்குப் போக எழுதப்பட்டவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். தபாலட்டையில் பெயரில்லாமல் நின்ற பாட்டியின் பேத்திக்கு, பெயரோடும் இலக்கத்தோடும் ஒட்டப்பட்ட முதல் படம் அவளை நாட்டை விட்டு அனுப்பும் தாளில் ஒட்டப்பட்டது. அங்கேயும் அசையாதே என்றுதான் சொல்லப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன்னர் உறவினரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள் இன்றும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் சுவரில் தொங்குகின்றன; மறுபிரதி இந்தப் பக்கத்து லயங்களில் தொங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முழுதாக முடியவில்லை.

இதற்கிடையில் கருவியும் மாறிக்கொண்டிருந்தது. பழைய முக்காலியின் தலை ஒரு தட்டையான மரப்பலகை. கமராவைச் சரிக்கவேண்டுமென்றால் காலை நீட்டிக் குறுக்கவேண்டும். எந்தப் பக்கமும் சுழலும் உருண்டை மூட்டு நிலஅளவைக் கருவிகளில் பழக்கமானது. லைக்கா போன்ற சிறிய கமராக்கள் வந்தபின் அது புகைப்படத்துக்குள் பரவலாக நுழைந்து, இன்று நாம் சொல்லும் போல் ஹெட் ஆயிற்று. பிரான்சில் 1917இல் தொடங்கிய கிட்சோ, 1970களில் இத்தாலியில் முதல் ட்ரைபொட்டைச் செய்த மான்புரோட்டோ, ஜப்பானின் வெல்பொன், ஸ்லிக் ஆகியவை மரத்தை அலுமினியமாக்கின. 1994இல் கிட்சோ கரிநார்க் குழாயில் கால் செய்தது. பின்னர் சீனத்தின் பென்ரோ, சிருயி போன்றவை அதே வடிவத்தை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தன. மாறாமல் நின்றது ஒரே ஓர் ஆணி: கமராவின் அடியில் இருக்கும் கால் அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 20 புரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விட்வேர்த் புரி அளவிலிருந்து வந்த அது, இன்று எட்டில் மூன்று அங்குலப் பெரிய அண்ணனோடு உலகம் முழுதும் ஒன்றே. ஆகவே எந்த நாட்டுக் காலிலும் எந்த நாட்டுத் தலையையும் மாட்டலாம். சிறு வருமானக்காரருக்கு இது பெரிய சலுகை. காலை ஒரு வருடமும் தலையை இன்னொரு வருடமும் வாங்கலாம்.

எடை இப்போது எடுப்பவரின் தோளுக்கே வந்துவிட்டது. ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஓர் இளைஞர் கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கிறார், விடியலில் மலையேறித் தனக்காகவும் எடுக்கிறார் என்றால், கனமும் விலையும் இரண்டும் அவருடையவை. விலையை நம்முடைய அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும். 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. ஐம்பது டொலர் ட்ரைபொட் ஒன்று, வரியையும் கப்பல் கூலியையும் விட்டுப் பார்த்தாலே, 10,000இலிருந்து 18,000 ஆனது. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். பத்து நாள் சம்பளம் பதினெட்டு நாளாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆகவும் டொலர் 300 அளவிலும் இருந்தபோது அது பதினொரு நாள். பதினொரு நாள் கொழுந்தின் பெறுமதியுள்ள ஒன்றைத் தவறாக வாங்குவது சிறிய தவறன்று. அதனால்தான் உள்ளதிலே மலிவானதை எடு என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஒரே தடவையில் மிக உயர்ந்ததை வாங்கிவிடு என்று வசதியானவர்கள் சொல்வதையும் ஏற்கவில்லை. முதலாவது, ஒரு மழைக்காலத்தில் கால்பூட்டு உடைந்து பணத்தைத் தின்னும். இரண்டாவது, கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கான கணக்கு.

பெட்டியில் எழுதியிருக்கும் சுமைத் தாங்கு அளவை நம்பவேண்டாம். அதைச் சோதிக்கப் பொதுவான முறை கிடையாது, ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி எழுதுகிறது. குழாயின் பருமனைப் பாருங்கள். சுவரின் தடிப்பு ஒன்றாக இருந்தால், குழாயின் வளையாமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 28 மில்லிமீற்றர் குழாய் 22 மில்லிமீற்றர் குழாயைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பு. ஒரு கட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் வீதம் குழாய் மெலிந்துகொண்டு போகும் என்பதால், பையில் சின்னதாக மடிகிற ஐந்து கட்டுக் காலின் கடைசித் துண்டு பென்சிலைவிடச் சற்றே பருத்திருக்கும். மலைக்கு மூன்று கட்டு நல்லது, நான்கு போதும். நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் காலாகிவிடுகிறது; அது கழற்றக்கூடியதாகவோ குட்டையாகவோ இருப்பது மேல். மூன்று கால்களும் வெவ்வேறு கோணத்தில் தனித்தனியே விரியவேண்டும் என்பதைத் தட்டை நிலத்துக்காரர் வசதி என்பார். தேயிலைச் சரிவில், கானுக்கு ஒரு பக்கம் ஒரு காலும் மறுபக்கம் இரண்டு காலுமாக நிற்கும்போது அதுதான் உயிர். தென்மேற்குப் பருவக்காற்று மே தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்துச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, அதன் ஆணிகள் பிடிக்கும். களிமண் ஏறிய திருகுபூட்டை அவிழ்த்துக் கழுவி மாட்டமுடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காசு அலுமினியத்துக்குத்தான் போதும் என்றால் வருத்தப்பட வேண்டாம். கரிநார் மிச்சப்படுத்துவது ஏறத்தாழ அரைக் கிலோ, விலையோ இரண்டு மூன்று மடங்கு. போல் ஹெட்டில் உருண்டை பெரிதாக இருந்தால் அதே இறுக்கத்துக்குக் கூடுதலாகப் பிடிக்கும். உங்களிடமுள்ள மிக நீண்ட வில்லையை மாட்டி, தூரத்து ஓர் எழுத்தின் மேல் வைத்து இறுக்குங்கள். கையை எடுத்தபின் அந்த எழுத்து கீழே வழுகினால் அந்த ஹெட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உருண்டைக்கு எண்ணெய் போடாதீர்கள். உரசல்தான் அதன் வேலை. மாட்டும் தட்டு பலரும் பயன்படுத்தும் ஆர்க்கா வடிவில் இருந்தால் நாளை இன்னொரு கம்பனித் தலைக்கு மாறலாம்.

இன்றைய கமராவும் கைபேசியும் நடுக்கத்தைத் தாமே சமாளிக்கின்றனவே, ட்ரைபொட் எதற்கு என்பது இக்காலத்தின் மறுப்பு. கொழுந்து எடுக்கும் கைக்கு ட்ரைபொட் வேண்டாம் என்று நானே சொல்வேன். அது கமராவை நிறுத்துமே தவிர ஓடும் கையை நிறுத்தாது. அந்தக் கைக்கு வேண்டியது வேகமான திறப்பு. நூறு வருடம் விரலைக் கொழுந்தில் வைத்து நிறுத்திய வழக்கத்திலிருந்து வெளியே வர இன்றைய கையடக்கக் கமரா நமக்குத் தந்த சுதந்திரம் அது, அதைக் கைவிடக்கூடாது. ஆனால் விடியலில் செயின்ட் கிளயார் நீர்வீழ்ச்சி, பனி மூடிய நுவரெலியாவின் முதல் வெளிச்சம், திருவிழா இரவில் கோயிலுக்குப் போகும் தீவெட்டி வரிசை, மின்விளக்கு மங்கலாக எரியும் காம்பராவுக்குள் ஒரு பாட்டியின் முகம் ஆகியவை அரை வினாடியும் அதற்கு மேலும் கேட்கும் காட்சிகள். மென்பொருள் அங்கே நடுக்கத்தைக் குறைக்கும்; இருட்டில் இல்லாத விவரத்தை ஊகித்தும் நிரப்பும். ஒரு சமூகம் தன் முகத்தைத் தானே பதிவுசெய்யத் தொடங்கும் காலத்தில், ஊகித்து நிரப்பப்பட்ட சுருக்கங்கள் எனக்குப் போதாது. அந்தப் பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள, ட்ரைபொட்டை நிறுத்துவதற்கு எடுக்கும் இரண்டு நிமிடம் போதுமானது.

கடைக்கு வெளியே ஒரு வழியும் இருக்கிறது. நிலஅளவையாளரின் பழைய மர முக்காலி. 1800இல் உருவான நிலஅளவைத் திணைக்களமும் தியத்தலாவையின் பயிற்சி நிலையமும் இருக்கும் இந்த நாட்டில் அது அந்நியப் பொருள் அன்று. தோட்டங்களின் எல்லைகளே அதன்மேல் நின்ற கருவிகளால் கீறப்பட்டவை. மரம் அதிர்வை உலோகத்தைவிட விரைவாக விழுங்கும். தலையிலுள்ள எட்டில் ஐந்து அங்குலத் திருகுக்கு ஒரு சிறிய இணைப்பான் வாங்கினால் இன்றைய போல் ஹெட் அதில் ஏறும். கனம் ஐந்து ஆறு கிலோ வரும். கழித்துப் போடப்பட்டதாகக் கிடைத்தால் விலை மிகக் குறைவு. ஆனால் கொழுந்துக் கூடையில் பல தோட்டங்கள் கேட்கும் நாளொன்றின் 18 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அது, தூக்கப்போவது நீங்களே. சரிவில் அதை நிறுத்த நிலஅளவையாளருக்கு ஒரு விதி உண்டு: இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மேட்டுக் காலைக் குறுக்கி இரண்டு செடிகளுக்கு நடுவே ஊன்றி, பள்ளத்துக் கால்களை நீட்டி மண்ணில் மிதித்து, ஒரு பையில் கல் போட்டு நடுவிலே தொங்கவிட்டு, காற்றில் ஆடாதபடி அதன் அடி நிலத்தைத் தொடவைக்கவேண்டும். அப்படி நிறுத்திய கமராவின் கண், மேல் நிரையில் கொழுந்து எடுப்பவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்.